செனான் பல்ப் மாட்டலாமா? வாகன மின்வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணன், நான் திருக்கோவிலில் இருந்து வான் ஓடுகிறேன். டொயோட்டா ஹயஸ், எச்4 பல்ப். கிழமைக்கு இரண்டு தரம் இரவில் கொழும்புக்கு ஹயர். பொத்துவில், சியம்பலாண்டுவப் பக்கமாகப் போனாலும் சரி, மட்டக்களப்பால் சுற்றிப் பொலன்னறுவைப் பக்கமாகப் போனாலும் சரி, யானைப் பயம். என்ர லைட் மெழுகுதிரி மாதிரித்தான் எரியுது. கூட ஓடுகிற பொடியன் செனான் செட் ஒன்று போட்டிருக்கிறான், அவனுக்கு ரோட்டு பகல் மாதிரித் தெரியுதாம். பழைய பல்பைக் கழற்றிவிட்டு அப்படியே மாட்டலாம், வயர் வெட்டத் தேவையில்லை என்று கடையில் சொல்கிறார்கள். மாட்டட்டுமா?
— வான் சாரதி, திருக்கோவில்

பதில்: மாட்ட வேண்டாம் தம்பி. இப்போது உங்கள் வானில் இருக்கிற லைட்டுக்குள் அந்தப் பல்பை மாட்ட வேண்டாம். பதில் கொஞ்சம் நீளமாகப் போகும், அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

எனக்கு இந்த வேலையில் முப்பத்திரண்டு வருடம். களுவாஞ்சிகுடியில் கராஜ். செனான் செட்டுகள் எங்கள் பக்கம் வந்த புதிதில் நானே நிறைய மாட்டியிருக்கிறேன். யுத்தம் முடிந்து, ரோட்டெல்லாம் காபெட் போட்டு, றிகண்டிஷன் வாகனங்கள் ஊருக்குள் வந்து சேர்ந்த காலம் அது. அரை மணித்தியால வேலை. மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டால் கராஜ் சுவர் வெள்ளையாகிவிடும். வாகனக்காரர் கூலிக்கு மேலே தேத்தண்ணிக்கும் காசு தருவார். சுவரில் அந்த வெளிச்சம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு மாசி மாதம், பெரும்போக அறுவடை நேரம். வெல்லாவெளியில் ஒரு உழவு இயந்திரத்தின் வயரிங் வேலையை முடித்துவிட்டு, இரவு ஒன்பது மணி போல மோட்டார் சைக்கிளில் பட்டிருப்புப் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தேன். படுவான்கரை ரோட்டு அந்த நேரம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பகலில் ரோட்டோரம் காயப்போட்ட நெல்லைப் பொழுதுபடக் குவித்து, படங்கால் மூடி, சுற்றிவரக் கல் வைத்திருப்பார்கள். போரதீவுப் பக்கம் வரும்போது எதிரே ஒரு வான். அதன் வெளிச்சம் கண்ணில் பட்டதும் எனக்கு ரோட்டின் கரை தெரியவில்லை, வெள்ளைக் கோடு தெரியவில்லை, வெறும் வெள்ளைப் புகை மட்டும்தான். பிரேக்கைப் பிடிக்கும்போதே முன் சில்லு கல்லில் ஏறிவிட்டது. நெல்லுக் குவியலின் மேல் விழுந்தேன். முழங்காலில் ஆறு தையல். குவியலுக்குப் பதிலாக அந்த இடத்தில் சைக்கிளில் ஒரு பிள்ளை போயிருந்தால் என்ற நினைப்பு அன்று இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

வான்காரன் நல்லவன், நிறுத்தி ஓடிவந்தான். "ஐயோ அண்ணன், நீங்களா?" என்றான். மூன்று கிழமைக்கு முன் என் கராஜில் செனான் போட்டுக்கொண்டு போன தம்பி. அவன் டிம்மில்தான் வந்தான். வேகமும் அதிகம் இல்லை. அவன் பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை, பிழை நான் செய்த வேலையில் இருந்தது.

காயம் ஆறுவதற்குள் அவனைக் கூப்பிட்டு, வானைச் சுவருக்கு முன்னால் பத்து மீற்றரில் நிறுத்திப் பார்த்தேன். டிம் லைட்டில் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு தெளிவாக விழ வேண்டும். அந்தக் கோட்டையே காணவில்லை. லைட்டின் உயரத்துக்கு மேலே, ஒரு ஆள் தலை அளவுக்கு வெளிச்சம் சிதறிக் கிடந்தது. அன்றே கழற்றிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். நான் மாட்டிக்கொடுத்த மற்றவர்களையும் ஞாபகம் வரவரக் கூப்பிட்டேன். பாதிப் பேர் வந்து கழற்றினார்கள். மற்றவர்கள் "நல்லா எரியுதே அண்ணன்" என்று சொல்லி வராமல் விட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? எச்4 பல்புக்குள் இரண்டு இழை இருக்கின்றன, ஒன்று டிம்முக்கு, மற்றது ஹைக்கு. டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம் இருக்கும். பழைய பல்பு ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். கீழ்நோக்கிப் போகிற வெளிச்சத்தை அந்தக் கிண்ணம் மறிக்கிறது. அதனால் லைட்டின் பளபளப்பான குழிவில் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, ரோட்டில் தாழ்ந்து விழுகிறது. கீழ் பாதியில் பட்டிருந்தால் அது மேலே எழும்பி எதிரே வருகிறவரின் முகத்துக்குப் போயிருக்கும். இழை எந்த இடத்தில் நிற்கும், எவ்வளவு நீளம் இருக்கும் என்று மில்லிமீற்றர் கணக்குப் பார்த்துத்தான் அந்தக் குழிவை வளைத்திருக்கிறார்கள்.

செனான் பல்பில் இழையே கிடையாது. சின்னக் குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனைகள், செனான் வாயு, கொஞ்சம் உலோக உப்பு. பாலாஸ்ட் என்ற பெட்டி 20,000 வோல்ட்டுக்கு மேலே ஒரு அடி அடித்து, இரண்டு முனைக்கும் நடுவில் மின்வில்லைக் கொளுத்துகிறது. கொளுத்தியபின் 35 வாட்டில் நின்று எரியும். அந்த வில் நேராக நிற்காமல் மேல்பக்கமாக வளைந்திருக்கும், இரண்டு முனையிலும் வெளிச்சம் கூடியிருக்கும். இழை இருந்த அதே இடத்தில், அதே வடிவத்தில் அது உட்காராது. உங்கள் எச்4 பல்பு டிம்மில் தருவது 1,000 லூமன் அளவு. நல்ல செனான் 3,000க்கு மேல் தரும். இழைக்கென்று வளைத்த குழிவுக்குள் மூன்று மடங்கு வெளிச்சத்தைக் கொட்டினால் அது போகிற போக்கில்தான் போகும்.

செனான் என்கிற தொழில்நுட்பத்தை நான் குறை சொல்லவில்லை. பிஎம்டபிள்யூ 1991ல் தன் 7 வரிசைக் காரில் அதை முதன்முதலில் கொண்டுவந்தபோது, அதற்கென்றே செய்த லைட்டோடுதான் கொண்டுவந்தது. ஐரோப்பிய விதிகளில் டிம் பல்பு 2,000 லூமனுக்கு மேல் போனால், வாகனத்தின் பாரத்துக்கு ஏற்றபடி லைட் தானாக ஏறி இறங்கும் அமைப்பும், லைட்டின் கண்ணாடியைக் கழுவும் தண்ணீர்த் தாரையும் கட்டாயம். பெட்டியில் வருகிற செட்டில் இதில் எதுவும் கிடையாது.

பொடியனுக்குப் பகல் மாதிரித் தெரிவதும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பகல் வண்டிக்கு முன்னால் பத்து, பதினைந்து மீற்றர் தூரத்துக்குத்தான். கிட்டத்தில் வெளிச்சம் கூடக் கூடக் கண்மணி சுருங்கும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். வெலிகந்தையிலோ புனானையிலோ யானை நிற்பது அந்தத் தூரத்து இருட்டில்தான். யானையின் உடம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாத சாம்பல் நிறம், கண் டிம்முக்கு எட்டாத உயரம். மாடு என்றால் கண் மின்னி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும், யானைக்கு அதை நம்பி இருக்க முடியாது. அந்த இடங்களில் எதிரே ஆள் இல்லையென்றால் ஹையைப் போடுங்கள், வேகத்தை 50க்குக் கொண்டுவாருங்கள். 60ல் போனால் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் கடக்கிறோம், கால் பிரேக்குக்குப் போகும் முன்பே அவ்வளவு தூரம் போய்விடும்.

சரி, உங்கள் மெழுகுதிரிக்கு வருவோம். அதற்குப் பெரும்பாலும் பல்பு காரணம் இல்லை, வயர்தான் காரணம். எஞ்சினை ஓடவிட்டு, டிம்மைப் போட்டு, மல்டிமீட்டரால் முதலில் பற்றரியில் பாருங்கள், பிறகு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் பின் செருகியில் பாருங்கள். போன மாதம் ஒரு ஹயஸில் பார்த்தபோது பற்றரியில் 14.1 வோல்ட், செருகியில் 11.9. இரண்டு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். வோல்ட் 10 வீதம் குறைந்தால் ஹலஜன் பல்பின் வெளிச்சம் 30 வீதம் குறையும். அந்த வானில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வெளிச்சம் மிஞ்சியிருந்தது. கடற்கரையோரம் ஓடுகிற வாகனம், உப்புக் காற்று, செருகியெல்லாம் பச்சை பிடித்திருந்தது. எர்த் வயர் போல்ட்டைக் கழற்றினால் வாஷரே துரும்பாகிக் கொட்டியது.

அதற்கு ரிலே வயரிங் போட வேண்டும். ரிலே என்றால் சின்ன மின்சாரத்தில் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிற ஒரு சுவிட்ச். பற்றரியில் இருந்து பியூஸ் வைத்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் நேராக லைட்டுக்கு வரும். டிம்முக்கு ஒரு ரிலே, ஹைக்கு ஒரு ரிலே. பழைய வயர் ரிலேயை இழுக்க மட்டும் பயன்படும், அதனால் சுவிட்சும் சூடாகாது. பல்பு பிடிக்கிற செருகி பீங்கானில் வாங்குங்கள், பிளாஸ்டிக் காலப்போக்கில் உருகும். ஒன்றை மட்டும் உங்கள் எலக்ட்ரீசியனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: டொயோட்டா எச்4 வாகனங்கள் பலவற்றில் சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தை வெட்டுகிறது. அதைப் பார்க்காமல் வழக்கம்போல இழுத்தால் டிம் போட்டால் ஹையும் சேர்ந்து மங்கலாக எரியும், ஹை லைட் அடையாளம் டாஷ்போர்டில் அணையாது. நான் பார்த்த பிழைகளில் இது அடிக்கடி வருவது.

பல்பு 60/55 வாட் போதும். பிலிப்ஸ், ஒஸ்ராம், கொய்ட்டோ மாதிரித் தெரிந்த கம்பனிச் சாமானாகப் பார்த்து இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்றுங்கள். 100/90 வாட் என்று ஒன்று தருவார்கள். வெளிச்சம் கூடும், கூடவே குழிவின் வெள்ளிப் பூச்சும் வெந்துபோகும், பிறகு எந்தப் பல்பு போட்டாலும் எரியாதது மாதிரித்தான்.

அப்புறம் லைட்டின் உயரம். சமமான நிலத்தில், சில்லுக்குக் காற்றுச் சரியாக அடித்து, சாரதி இடத்தில் ஒரு ஆளை இருத்தி, சுவரில் இருந்து 10 மீற்றரில் வானை நிறுத்துங்கள். லைட்டின் நடு நிலத்தில் இருந்து எவ்வளவு உயரமோ, அந்த உயரத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழே டிம் கோடு சுவரில் விழ வேண்டும். ஹயருக்கு ஆட்களும் சாமானும் ஏற்றினால் பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் தூக்கும். மாமாங்கக் கோவிலுக்குச் சனம் ஏற்றிப் போகிற வான்கள் எல்லாம் வானத்துக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டு போவது அதனால்தான். லைட்டை இறக்குகிற திருகி உங்கள் டாஷ்போர்டில் இருந்தால் பாரத்தைப் பார்த்து இறக்குங்கள். இல்லையென்றால் பாரம் ஏற்றிய நிலையிலேயே கோட்டைச் சரிபாருங்கள், ஏனென்றால் நீங்கள் இரவில் ஓடுவது பாரத்தோடுதான்.

இவ்வளவும் செய்தபிறகும் செனான்தான் வேண்டும் என்றால், உங்கள் மாடலிலேயே கம்பனி செனானோடு வந்த வாகனத்தின் முழு லைட்டையும், பாலாஸ்டோடும் உயரம் திருத்துகிற மோட்டரோடும் சேர்த்து எடுங்கள். கொழும்பில் வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். யப்பானிலும் எங்களைப் போல இடப்பக்கம்தான் ஓடுகிறார்கள், அதனால் அந்த லைட்டின் வெளிச்சம் எங்கள் ரோட்டுக்கும் பொருந்தும். செலவு கூடத்தான். ஆனால் முதலில் ரிலே வயரிங் போட்டு ஒரு தரம் கொழும்புக்குப் போய் வாருங்கள். எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு செனான் கேட்டுத் திரும்பி வந்த சாரதி இரண்டோ மூன்றோ பேர்தான்.

கேள்வி: நான் வகன் ஆர் ஓட்டுகிறேன். மாலை வகுப்பு முடிந்து நிந்தவூரில் இருந்து வீட்டுக்கு வரும்போது எதிரே வருகிற வெள்ளை லைட்டுகளால் ஒன்றுமே தெரிவதில்லை. ஹையைப் போட்டுக் காட்டினாலும் அவர்கள் குறைப்பதில்லை. இரவில் ஓட்டுவதற்கென்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள். வாங்கலாமா?
— ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: மஞ்சள் கண்ணாடி வேண்டாம் டீச்சர். எதிரே வருகிற வெளிச்சத்தைக் குறைக்கிற மாதிரித் தோன்றும், ஆனால் உங்களுக்குத் தேவையான ரோட்டு வெளிச்சத்திலும் ஒரு பங்கை அது தின்றுவிடும். இருட்டில் நடந்து வருகிறவரைக் காண்பது இன்னும் கஷ்டமாகும்.

முதலில் முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள். வெளிப்பக்கம் எல்லோரும் கழுவுவார்கள், உள்ளே படிகிற மெல்லிய எண்ணெய்ப் படலத்தை யாரும் கவனிப்பதில்லை. எதிர் லைட் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூப்பது அந்தப் படலத்தால்தான். நிந்தவூரில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கடற்காற்று வேறு, வெளியே உப்பும் படியும். கொஞ்சம் வினாகிரி கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, பழைய பத்திரிகைத் தாளால் உலர்த்துங்கள். வைப்பர் ரப்பர் கோடு போட்டால் மாற்றிவிடுங்கள்.

எதிர் லைட் வரும்போது அதைப் பார்க்காமல் உங்கள் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். பார்வை அங்கே இருந்தால் கூச்சம் குறையும், ரோட்டும் தப்பாது. காலை எக்ஸலேற்றரில் இருந்து எடுத்துவிடுங்கள். அந்த லைட் தாண்டிப் போனபின்னும் கண் பழைய நிலைக்கு வரச் சில செக்கன்கள் ஆகும், லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி ஒன்று பின்லைட் இல்லாமல் முன்னால் போவது அந்த நேரத்தில்தான் தெரியாமல் போகும். பதிலுக்கு ஹை அடிக்க வேண்டாம். நான் மேலே எழுதின வான்காரனைப் போல, அவர் ஏற்கெனவே டிம்மில்தான் வருகிறார், குறைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போவதுதான் மிச்சம்.

இதெல்லாம் செய்தும் கூச்சம் கூடிக்கொண்டே போனால் கண் டொக்டரிடம் ஒரு தரம் காட்டுங்கள். கண்ணில் புரை தொடங்குகிறவர்களுக்கு முதலில் தெரிகிற கஷ்டங்களில் இதுவும் ஒன்று. தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: என்னுடைய கார் யப்பானில் இருந்து செனானோடு வந்தது. இப்போது வலப்பக்கம் மட்டும் ரோஸ் நிறமாக எரிகிறது, பத்து நிமிடம் போனால் தானாக அணைகிறது, திரும்பப் போட்டால் எரிகிறது. பாலாஸ்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
— வியாபாரி, காத்தான்குடி

பதில்: அவசரப்பட்டு பாலாஸ்ட் வாங்க வேண்டாம் நானா. ரோஸ் நிறத்துக்கு மாறுவதும், எரிந்து எரிந்து அணைவதும் செனான் பல்பின் வயது முடிகிற அடையாளம். இரண்டு பக்கப் பல்பையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பழுது பல்போடு சேர்ந்து இடப்பக்கம் போனால் பல்புதான், வலப்பக்கத்திலேயே நின்றால் பாலாஸ்டைப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்குக் காசு தேவையில்லை.

புதியது வாங்கும்போது பல்பின் அடியில் இருக்கிற எழுத்தைப் பார்த்து அதே எழுத்துள்ளதை வாங்குங்கள். டி2 ரகம் 85 வோல்ட்டில் எரிவது, டி4 ரகம் 42 வோல்ட்டில் எரிவது, ஒன்றுக்கு மற்றது ஆகாது. பின்னால் எஸ் என்று இருந்தால் உருண்டைக் கண்ணாடி வைத்த புரொஜெக்டர் லைட்டுக்கு, ஆர் என்று இருந்தால் குழிவு லைட்டுக்கு. ஆர் பல்பின் கண்ணாடியில் கறுப்புப் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டிவிடாதீர்கள், வெளிச்சம் மேலே போகாமல் மறிப்பது அதுதான். நிறம் 4,300 கெல்வின் போதும். 6,000, 8,000 என்று ஏற ஏற நீலம்தான் கூடும், ரோட்டில் வெளிச்சம் குறையும், மழையில் சுத்தமாகத் தெரியாது.

இரண்டு பல்பையும் ஒன்றாக மாற்றுங்கள். சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கை வைக்க வேண்டும், 20,000 வோல்ட்டோடு விளையாட முடியாது. டி2 பல்புக்குள் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் வெறுங்கையால் பொறுக்க வேண்டாம்.

கேள்வி: லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. பற்பசையால் தேய்த்தால் போகும் என்கிறார்கள், சிலர் நுளம்புக்கு அடிக்கிற மருந்தைச் சொல்கிறார்கள்.
— வாசகர், கல்முனை

பதில்: பற்பசை சில கிழமைக்குப் பளபளப்புத் தரும், அவ்வளவுதான். நுளம்பு மருந்தை மட்டும் அடித்துவிடாதீர்கள். அது மேற்பரப்பைக் கரைத்து மினுக்கிக் காட்டும், பிறகு உள்ளே முடி மாதிரி வெடிப்பு விழும், லைட்டையே மாற்ற வேண்டி வரும். அது கண்ணாடி இல்லை, பொலிகாபனேற்று. வெயில் பட்டுப்பட்டு மேல் பூச்சு அழிந்ததால் மஞ்சளாகியிருக்கிறது. 800, 1,500, 2,000, 3,000 என்று நைஸ் தாளைத் தண்ணீரோடு வரிசையாகத் தேய்த்து, கொம்பவுண்டால் மினுக்கி, கடைசியில் வெயிலைத் தாங்குகிற கிளியர் பூச வேண்டும். கிளியர் பூசாவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகும். உங்கள் ஊர்ப் பெயின்ற் வேலைக்காரரிடம் கொடுத்தால் அரை நாளில் தருவார்.

கேள்வி: ஓட்டோவுக்கு 'செனான்' என்று எழுதின நீலப் பல்பு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பாலாஸ்ட் எதுவும் தேவையில்லையாம். நல்லதா?
— ஓட்டோச் சாரதி, வாழைச்சேனை

பதில்: அது செனான் இல்லை மகன், நீலச் சாயம் பூசின சாதாரண ஹலஜன். உள்ளே எரிகிற வெளிச்சத்தில் ஒரு பங்கை அந்தச் சாயமே வடிகட்டி நிறுத்திக்கொள்கிறது. பார்க்க வெள்ளையாக இருக்கும், ஓட்டமாவடிப் பாலம் தாண்டி இருட்டுக்குள் போனதும் பழைய பல்பே நல்லது என்று தெரியும். அந்தக் காசுக்குச் சாயம் இல்லாத பல்பு ஒன்று வாங்கி, கண்ணாடியில் விரல் படாமல் மாட்டுங்கள். பின்லைட் பல்பும் ஒன்று சேர்த்து வாங்குங்கள். ஓட்டோக்களில் நான் கூடுதலாகக் காண்பது எரியாத பின்லைட்தான்.